தடத்தை முதலில் பேசுங்கள்

வணக்கம் சார்,

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். பேரம் பேசுவதுதான் தினப்படி வேலை. எழுந்து போகத் தயாராக இருப்பவன்தான் பேரத்தில் ஜெயிப்பான் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு எழுந்தே போய்விட்டது. அப்படியும் அந்தப் பேச்சுவார்த்தையில் அவர்கள் நினைத்தது எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லையே, ஏன்? ஐரோப்பியர்கள் பழிவாங்கிவிட்டார்களா? வேறு நாடுகளும் இப்படிக் கிளம்புமா? என்னைக் கேட்டால், இவ்வளவு சிக்கலான விஷயத்தைப் பாமர மக்களிடம் ஓட்டுக்கு விட்டதே தப்பு. இன்னொன்று, என் மகன் டப்ளினில் முதுகலை படிக்கிறான். பெல்பாஸ்ட் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானாம், அடுத்த வாரம் நண்பர்களோடு போகிறான். பார்டரில் ஒரு ஆள்கூட நிற்பதில்லை என்கிறான். இல்லாத எல்லைக்கா சார் இத்தனை சண்டை?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

கடைசி வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் கடிதம் பதில் இல்லாமலே கிடந்திருக்கும். பிரெக்ஸிட் பற்றி எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் லண்டனைப் பற்றித்தான். பவுண்டு இறங்குமா, விசா கிடைக்குமா, பிள்ளையை அங்கே அனுப்பலாமா. அயர்லாந்து எல்லையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நானோ கொஞ்ச காலமாக அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் இருப்பவர்களிடம் பேசிப் பேசி அவர்களும் எழுந்து போக ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் மாட்டினீர்கள்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். பழிவாங்கினார்களா என்றால், இல்லை. வெளியே போனவனுக்கும் உள்ளே இருப்பவனுக்குக் கிடைப்பதெல்லாம் கிடைக்கும் என்றால் மிச்சமிருக்கிற 27 நாடுகளும் எதற்காகச் சந்தா கட்டிக்கொண்டு, அந்த விதிகளுக்கெல்லாம் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? அவர்கள் தரப்பில் பேசிய மிஷேல் பார்னியே 2017 டிசம்பரில் ஒரு படிக்கட்டுப் படம் போட்டே காட்டினார். மேலே நார்வே, அதற்குக் கீழே சுவிட்சர்லாந்து, அப்புறம் உக்ரைன், துருக்கி, கனடா. நீங்கள் வேண்டாம் என்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்க வேண்டும், எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். அவ்வளவுதான் அந்தப் படம். இதில் பழி எங்கே வந்தது? வேறு நாடுகள் கிளம்புமா என்று என்னிடம் ஜோசியம் கேட்காதீர்கள். பிரிட்டனுக்கு முன்னாலேயே கிரீன்லாந்து கிளம்பியிருக்கிறது. 1982-ல் மக்கள் வாக்கெடுப்பு, 1985-ல் வெளியே வந்தார்கள். ஐம்பதாயிரம் சொச்சம் ஜனம், பேச வேண்டியது பெரும்பாலும் மீன், அதற்கே மூன்று வருஷம்.

இப்போது உங்கள் 'பாமர மக்கள்'. இதை ஒரு தொழில் செய்கிற மனிதர், நாள் முழுக்கத் தையல்காரர்களோடும் செக்கிங் பெண்களோடும் இருக்கிறவர் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்குக் கோபம். 2016 ஜூன் 23-ல் 72 சதவீதம் பேர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 51.9 வெளியே, 48.1 உள்ளே. சீட்டில் இருந்தது ஒரு கேள்வி, இரண்டு கட்டம். சுங்க ஒன்றியத்தில் (உள்ளுக்குள் தீர்வை இல்லை, வெளியாருக்கு எல்லாரும் ஒரே தீர்வை) மட்டும் இருக்கலாமா, ஒற்றைச் சந்தையில் (எல்லா நாட்டுக்கும் ஒரே சரக்கு விதி) இருந்துகொண்டே வெளியேறலாமா, வட அயர்லாந்தை என்ன செய்வது, இதெல்லாம் அந்தச் சீட்டில் கிடையாது. கேட்டதற்கு அவர்கள் பதில் சொன்னார்கள். வெளியே போவது என்றால் என்ன என்று யோசிப்பது கேள்வி கேட்டவர்களின் வேலை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குள்ளேயே ஒரு முடிவுக்கு வராமல் 2017 மார்ச் 29-ல் விலகல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுத்த நிமிஷத்திலிருந்து இரண்டு வருஷக் கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. என்ன மாதிரி உறவு வேண்டும் என்று மந்திரிசபை உட்கார்ந்து ஒரு தாளில் எழுதியது 2018 ஜூலையில். எழுதின இரண்டாம் நாள் விலகல் மந்திரி டேவிட் டேவிஸ் ராஜினாமா, மறுநாள் வெளியுறவு மந்திரி போரிஸ் ஜான்சன் ராஜினாமா. 2019 மார்ச் 27 ராத்திரி நாடாளுமன்றத்தில் எட்டு வழிகளை வரிசையாக வாக்கெடுப்புக்கு விட்டார்கள், எட்டுமே தோற்றது. உங்கள் பாமரர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. பாதிப் பேருக்கு மேல் நல்ல பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள்.

சரி, விடுங்கள். எல்லைக்கு வருகிறேன்.

என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேஜை. கிரயம், அடமானம் என்று எது வந்தாலும் உட்கார்ந்த இடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். பாகப்பிரிவினை என்றால் மட்டும் எழுத மாட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அண்ணனுக்கு எத்தனை ஏக்கர், தம்பிக்கு எத்தனை என்பதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. "தடம் எந்தப் பக்கம் போகுதுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் கிணறு யார் பங்கில் விழுகிறது, தண்ணீர் முறை எப்படி, மோட்டார் யாருடையது. மாமூல் வண்டித்தடத்தில் போக வர பாத்தியம், பொதுக் கிணற்றில் பாதி பாத்தியம் என்கிற இந்த இரண்டு வரியை எழுதி முடித்த பிறகுதான் மேலே போய் நான்கு எல்லைகளை நிரப்புவார். ஒரு தடவை இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன்காரர் பெரிய மனிதர், அவசரம். "முதல்ல எழுதிக் கையெழுத்தப் போட்ருவோம், தடத்த அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அப்பா பேனாவை மூடிவிட்டு, "அப்பறம்னு ஒரு பத்திரம் கெடையாதுங்க" என்றார். அவர்கள் அடுத்த மரப்பெட்டிக்குப் போய் அன்றைக்கே எழுதிக்கொண்டார்கள். தடத்து வழக்கு முன்சீப் கோர்ட்டில் அந்த அண்ணன்காரர் காலத்துக்குப் பிறகும் நடந்தது. அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை, எழுத்துக்கூலி போனதுதான் பேச்சு.

இப்போது பிரிட்டனைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு அதற்கு ஒரே ஒரு பெரிய தரை எல்லை உண்டு (ஜிப்ரால்டரை விடுங்கள்). பெல்பாஸ்ட் இருக்கிற, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும், டப்ளின் இருக்கிற, ஒன்றியத்தைச் சேர்ந்த அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே, ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அதைக் கடக்கிற ரோடுகள் மட்டும் 200-க்கு மேல். டப்ளினிலிருந்து பெல்பாஸ்ட் போகிற ரோட்டில் நானும் போயிருக்கிறேன். ரோட்டோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாகும், பலகைகளில் கிலோமீட்டர் மைலாக மாறும், போனில் வேறு நாட்டுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி வரும். உங்கள் மகன் சொன்னது சரிதான், எல்லை இல்லாத மாதிரிதான் இருக்கும்.

ஆனால் அந்த 'இல்லாத மாதிரி' சும்மா வந்ததில்லை. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று முப்பது வருஷம் நடந்த சண்டையில் 3,500 பேருக்குப் பக்கமாகச் செத்தார்கள். எல்லை ஓரத்துக் குன்றுகளில் ராணுவக் கண்காணிப்புக் கோபுரங்கள், ரோடுகளில் கான்கிரீட் கட்டைகள். 1972-ல் நியூரி சுங்க அலுவலகத்தில் குண்டு வெடித்து 9 பேர் செத்தார்கள், அதில் அங்கே வேலை பார்த்த குமாஸ்தாக்களும் உண்டு. ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஆட்கள். 1998-ல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்படிக்கை வந்து, அப்புறம் கோபுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இரண்டு நாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருந்ததால் சுங்கச்சாவடிக்கும் வேலை இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லையை மறந்து பிழைக்கப் பழகினார்கள். வடக்கே கறக்கிற பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டேங்கரில் தெற்கே போய்த்தான் வெண்ணெயாகிறது, பால்பவுடராகிறது. கின்னஸ் பீரை டப்ளினில் வடிக்கிறார்கள், டேங்கரில் பெல்பாஸ்ட் கொண்டுபோய் டப்பாவில் அடைக்கிறார்கள், ஏற்றுமதிக்கு மறுபடி டப்ளின். இதற்கு நடுவில் ஒரு சுங்கச்சாவடி வைத்தால் ஒவ்வொரு டேங்கருக்கும் ஒரு படிவம், ஒரு கால்நடை வைத்தியரின் கையெழுத்து.

அப்போதைய பிரதமர் தெரசா மே 2017 ஜனவரியில் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் பேசினார். ஒற்றைச் சந்தை வேண்டாம், அதற்குப் பொதுவான வெளித்தீர்வை இருக்கிற வரைக்கும் சுங்க ஒன்றியமும் வேண்டாம். சரி. வட அயர்லாந்தில் தரையில் எல்லைச்சாவடி வராது. அதுவும் சரி. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் நடுவே கடலிலும் எல்லை வராது. இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் கிடைக்காது. சரக்கு விதி இரண்டாகப் பிரிந்தால் எங்கேயோ ஓர் இடத்தில் பார்த்தே ஆக வேண்டும். தரையில் இல்லையென்றால் கடலில். இரண்டிலும் இல்லையென்றால் விதியைப் பிரிக்காதே. ஒரு பத்திர எழுத்தருக்குப் பத்து நிமிஷத்தில் தெரிகிற கணக்கு இது. இதை ஒத்துக்கொள்ள அந்த நாட்டுக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆனது.

தடத்தை முதலில் பேசு என்று சொன்னது பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம். குடிமக்கள் உரிமை, பாக்கிப் பணம், அயர்லாந்து எல்லை மூன்றும் முடியாமல் வியாபாரப் பேச்சு கிடையாது என்றார்கள். இந்த வரிசையை எதிர்த்துக் கோடை முழுக்கச் சண்டை போடப்போவதாக டேவிட் டேவிஸ் சொல்லிக்கொண்டிருந்தார். 2017 ஜூன் 19, பேச்சுவார்த்தையின் முதல் நாளே ஒத்துக்கொண்டார். பிரிட்டன் பக்கம் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரம் எப்படி என்று தெரியாமல் எல்லையை எப்படி முடிவு செய்வது என்று கேட்டார்கள், நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் கையில் தன் பதில் ஒன்று இருக்க வேண்டும். கெட்ட ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தமே இல்லாமல் போவது மேல் என்ற ஒரு வாசகம்தான் அவர்கள் கையில் இருந்தது.

2017 டிசம்பர் 4-ஐ நினைத்தால் எனக்கு இப்போதும் தெரசா மே மீது பரிதாபம் வரும். எல்லை பற்றிய வாசகம் தயார். மே பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கரோடு மதியச் சாப்பாட்டில் இருக்கிறார். அந்த நேரத்தில் பெல்பாஸ்ட்டில் பிரிட்டனோடுதான் இருப்போம் என்கிற டியூபி கட்சியின் தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டர் வெளியே வந்து, பிரிட்டனிலிருந்து எங்களைத் தனியாகப் பிரிக்கிற எதையும் ஏற்க மாட்டோம் என்று அறிவிக்கிறார். அந்தக் கட்சியின் 10 எம்பிக்களை நம்பித்தான் மேயின் அரசாங்கமே நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து போய் போனில் பேசிவிட்டு, கையெழுத்து இல்லாமல் லண்டன் திரும்பினார். எதிர்த்தரப்போடு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, பேசாமல் விட்டது தன் வீட்டோடு. அடுத்த வருஷம் வட அயர்லாந்துக்கான மந்திரி கேரன் பிராட்லி ஒரு பேட்டியில், அங்கே அயர்லாந்தோடு சேர நினைக்கிற தேசியவாதிகள், பிரிட்டனோடு இருக்க நினைக்கிற யூனியனிஸ்ட் கட்சிக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்பதே தனக்குப் பதவிக்கு வரும்போது தெரியாது என்று சொன்னார். திமுகக்காரர் அதிமுகவுக்கு ஓட்டுப் போட மாட்டார் என்று தெரியாமல் தமிழ்நாட்டுக்குக் கவர்னராக வந்த மாதிரி.

மேயின் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15-ல் நாடாளுமன்றத்தில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. மறுபடியும் கொண்டுவந்தார், தோற்றது, இன்னொரு தடவையும் தோற்றது. பிறகு பிரதமராக வந்த ஜான்சன் எல்லைக் கோட்டைக் கடலில் போட்டார். அதே ஜான்சன், 2018 நவம்பரில் டியூபி மாநாட்டு மேடையில் நின்று, எந்தக் கன்சர்வேடிவ் அரசும் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவர். 2020 ஜனவரி 31-ல் வெளியே வந்தார்கள். 2021-ல் இங்கிலாந்து சாசேஜ் பெல்பாஸ்ட் கடைக்கு வரலாமா கூடாதா என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டன. 2022 பிப்ரவரியிலிருந்து டியூபி இரண்டு வருஷம் அங்கே உள்ளூர் ஆட்சியையே நடக்கவிடவில்லை. 2023-ல் அப்போதைய பிரதமர் சுனக் போய் விண்ட்சரில் ஓர் ஏற்பாடு செய்தார். வட அயர்லாந்திலேயே நிற்கிற சரக்குக்குப் பச்சை வழி, எல்லை தாண்டக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி. பெல்பாஸ்ட் கடையில் பால் பாக்கெட்டையோ இறைச்சிப் பாக்கெட்டையோ திருப்பிப் பார்த்தால் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். தடத்து வழக்கு இப்படித்தான் பாக்கெட் பாக்கெட்டாக நடக்கும்.

உங்கள் கேள்வி வேறு ஏதோ, ஆமாம், எழுந்து போகிறவன் ஜெயிப்பான் என்பது. நீங்கள் ஒரு பையரை விட்டு எழுந்து போனால் அடுத்த சீசனுக்கு வேறு பையர் வருவார். பிரான்ஸ் கரையில் இருக்கிற கலேயை விட்டு எழுந்து இங்கிலாந்துக் கரையில் இருக்கிற டோவர் எங்கே போகும்? நடுவே முப்பத்து மூன்று கிலோமீட்டர் தண்ணீர், அது அப்படியேதான் இருக்கும். அந்த வழியை நம்பி நாடு எவ்வளவு பிழைக்கிறது என்பது தனக்கு முழுசாகப் புரிந்திருக்கவில்லை என்று டேவிஸுக்குப் பின் விலகல் மந்திரியாக வந்த டொமினிக் ராப் 2018 நவம்பரில் சொன்னார். அவர்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தவர். உங்கள் கம்பெனியில் இப்படி ஒரு மெர்சண்டைசர் இருந்தால் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

பையன் விஷயம்தான் எனக்கு இப்போது அவசரம். பார்டரில் ஆள் இல்லை என்பது ஐரிஷ்காரனுக்கும் பிரிட்டிஷ்காரனுக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் 1920-களிலிருந்தே தனி ஏற்பாடு, யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறவனுக்கு அயர்லாந்து மாணவர் விசா பெல்பாஸ்ட்டில் செல்லாது, அங்கே போக பிரிட்டன் விசா தனியாக வாங்க வேண்டும். குறுகிய கால சுற்றுலா விசாவுக்கு இரண்டு நாடுகளுக்கும் ஒரு கூட்டு ஏற்பாடு உண்டு, படிக்கப் போனவர்களுக்கு அது கிடையாது. திரும்பி வருகிற பஸ்ஸை அயர்லாந்து போலீஸ் நிறுத்திப் பாஸ்போர்ட் பார்ப்பதும் உண்டு. நண்பர்கள் எல்லாரும் போகிறார்கள் என்பான். அதில் எத்தனை பேர் இந்திய பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இன்றைக்கு ராத்திரியே போன் போடுங்கள், டிக்கெட் எடுத்திருந்தால் கேன்சல் செய்யச் சொல்லுங்கள்.