விபிஎன்னுக்கு இரண்டு ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். கணவர் ஐடி வேலையில் இருக்கிறார், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மகன் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். யூடியூபில் ஒரு விபிஎன் விளம்பரம் அடிக்கடி வருகிறது. மாதம் 199 ரூபாய்தானாம், இரண்டு ஆண்டுக்குக் கட்டினால் மூன்று மாதம் இலவசமாம். இது இருந்தால் பேங்க் கணக்கில் யாரும் கை வைக்க முடியாது என்கிறார்கள். போன மாதம் என் மாமியாருக்கு "கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மெசேஜ் வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்ன ஆப்பை இறக்கினார். 18,000 ரூபாய் போய்விட்டது. அதிலிருந்து பயமாக இருக்கிறது. விபிஎன் வாங்கலாமா? எதை நம்பி வாங்குவது?

பதில்: உங்கள் மாமியாரின் பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அன்று அவர் போனில் உலகத்திலேயே உயர்ந்த விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த 18,000 ரூபாய் போயிருக்கும். உங்கள் போனிலிருந்து விபிஎன் நிறுவனத்தின் சர்வர் வரைக்கும் போகும் தகவலை வழியில் யாரும் பார்க்காதபடி மூடுவதுதான் விபிஎன்னின் வேலை. மோசடிக்காரர் வழியில் நின்று எட்டிப் பார்க்கவில்லை, நேராகப் போனுக்குள்ளேயே வந்துவிட்டார். பேங்க் ஆப்புகளும் இணையதளங்களும் தகவலை ஏற்கெனவே மறையாக்கித்தான் அனுப்புகின்றன. மாமியார் இறக்கிய அந்த ஆப்பை இன்னும் நீக்கவில்லை என்றால் இப்போதே நீக்குங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், பேங்கிலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நீங்கள் தெரிவித்த பிறகும் கணக்கிலிருந்து பணம் போனால் அதற்கு பேங்க்தான் பொறுப்பு.

சரி, இனி விபிஎன். உங்கள் வீட்டில் யாருக்கு அது தேவை? உங்கள் கணவருக்கு அலுவலகமே விபிஎன் கொடுத்திருக்கும், கொடுக்கவில்லை என்றால் அவர் அங்கேதான் கேட்க வேண்டும். அலுவலக லேப்டாப்பில் நாமாக இன்னொன்றைப் போடக் கூடாது. உங்கள் வீட்டு பிராட்பேண்டில் நீங்களும் மாமியாரும் பார்ப்பதற்கு, என் கணிப்பில், அவசியமே இல்லை. மிச்சம் மகன். நூறு பேர் பகிர்ந்துகொள்ளும் ஹாஸ்டல் வைஃபையில் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று நெட்வொர்க்கை நடத்துபவரால் பார்க்க முடியும். அவனுக்கு ஒரு விபிஎன் இருப்பது நியாயம்தான். ஆக, குடும்பத்துக்கே வாங்கப் போன பொருள் ஒரு போனுக்கும் ஒரு லேப்டாப்புக்கும் என்று சுருங்கிவிட்டது.

இப்போது அந்த 199 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். இலவசம் என்ற மூன்று மாதத்தையும் சேர்த்தே 199 என்று கணக்குப் போட்டிருந்தால், 27 மாதத்துக்கு 5,373 ரூபாய், முழுவதும் ஒரே தடவையில். 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 6,340. டாலரில் பில் போட்டால் கார்டு நிறுவனத்தின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனியாக வரும், பல கார்டுகளில் அது 3.5% வரை இருக்கிறது. இதையெல்லாம்விடப் பெரியது பணம் கட்டும் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கும். "அறிமுகக் காலம் முடிந்ததும் வழக்கமான கட்டணத்தில் தானாகப் புதுப்பிக்கப்படும்." அந்த வழக்கமான கட்டணம் ஆண்டுக்கு 7,900 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியோடு 9,322, அதாவது மாதம் 777 ரூபாய். முதலில் மாதத்துக்குக் கட்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல்!

ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரையிலான சந்தாக்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. 24 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு தகவல் மட்டும் வர வேண்டும். 9,322 இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. என் கார்டிலேயே ஒரு மென்பொருள் சந்தா இப்படிப் போனது. எஸ்எம்எஸ் வந்திருந்தது, விளம்பரங்களுக்கு நடுவில் நான் பார்க்கவில்லை. மெயில் மேல் மெயில் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க ஒரு மாதம் ஆயிற்று. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நீண்ட சந்தாவை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், இந்தத் தொழிலில் நிலைமை சட்டென்று மாறும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் எல்லாம் சில வாரங்களிலேயே இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இங்கே பக்கத்தில் சர்வர் இருக்கிறது என்று நம்பி முன்பணம் கட்டியவர்களுக்குப் பொருளே மாறிப்போனது. நிறுவனமும் கை மாறும். கேப் டெக்னாலஜீஸ் 2021இல் எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் எல்லாம் அதற்கு முன்பே அதன் கையில். அதே ஆண்டு, விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் தளங்களை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. "டாப் 10 விபிஎன்" பட்டியலைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இலவசம் என்று வருவதில் பெரும்பாலானவற்றைத் தொடவே வேண்டாம். ஃபேஸ்புக் நடத்திய ஒனாவோ என்ற விபிஎன், "உங்கள் தகவலைக் காப்போம்" என்று சொல்லிக்கொண்டே எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதைச் சேகரித்தது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

பிறகு எதை நம்புவது? நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்ற "பதிவுகள் வைப்பதில்லை" என்ற வாக்குறுதியை எல்லோருமே எழுதி வைத்திருக்கிறார்கள், அது சோதனைக்கு வந்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் வாரண்டோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது. வாடிக்கையாளர் விவரம் என்று எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. 2017இல் ஓர் அமெரிக்க வழக்கில் இதற்கு நேர்மாறாக, பதிவே இல்லை என்று சொல்லிவந்த பியூர்விபிஎன்னின் பதிவுகள் எஃப்பிஐக்கு உதவின. முல்வாட்டில் பெயரும் வேண்டாம், மெயில் ஐடியும் வேண்டாம். ஒரு கணக்கு எண் மட்டும் தருவார்கள். மாதம் 5 யூரோ, ஐந்து கருவிகள் வரை. ஓர் ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினாலும் தள்ளுபடி கிடையாது. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவையும் 2022இல் அவர்களே நிறுத்திவிட்டார்கள். நிதி ஆலோசகனாக எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான்.

உங்கள் மகன் அதற்கும் முன்னால் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டத்தைப் போட்டுப் பார்க்கட்டும். இலவசத்தில் நான் தயங்காமல் சொல்வது இது ஒன்றைத்தான். பணம் கட்டுபவர்களின் காசில் இலவசத் திட்டத்தை நடத்துகிறார்கள். ஆப்பின் மூல நிரலை யாரும் பார்க்கலாம், டேட்டா வரம்பு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான், எந்த நாட்டு சர்வர் என்று நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஹாஸ்டல் வைஃபையில் ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில், போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேகம் போதவில்லை என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் காசு கொடுத்து முல்வாட்டை முயலட்டும். அப்புறம் செமஸ்டர் விடுமுறையில் கட்ட வேண்டியதில்லை. பேங்க் ஆப்பைத் திறக்கும்போது மட்டும் விபிஎன்னை அணைத்துவிடட்டும். திடீரென்று வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் தெரிந்தால் சில பேங்க்குகள் பரிவர்த்தனையை நிறுத்திவிடும்.

அந்த விளம்பரத்தில் "சலுகை முடிய இன்னும் 14 நிமிடம்" என்று கடிகாரம் ஓடினால் பதறாதீர்கள். பக்கத்தை மூடிவிட்டு நாளைக் காலை திறந்து பாருங்கள், பெரும்பாலும் கடிகாரம் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். ஒருவேளை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், பணம் திரும்பப் பெற எத்தனை நாள் அவகாசம் என்று இன்றே பாருங்கள், பலர் 30 நாள் தருகிறார்கள். அவகாசம் தாண்டியிருந்தால், அவர்கள் தளத்தில் ஆட்டோ ரென்யூவலை அணைத்துவிட்டு, உங்கள் பேங்க் ஆப்பிலும் அந்தக் கார்டில் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை (இ-மேண்டேட்) ரத்து செய்யுங்கள். இரண்டையும் செய்ய வேண்டும்.