பத்திரத்தில் வரும் ‘தென்ஸ்’: எங்கிருந்து அளப்பது?

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் வீடு வாங்கப்போகிறோம். பத்திரத்தில் நில விவரம் மட்டும் ஒரு முழுப் பக்கம். வரிக்கு வரி ‘தென்ஸ்’ என்று வருகிறது. ‘பிறகு’ என்று வைத்துக்கொண்டு வரைந்து பார்த்தேன். கோடுகள் ஒன்றுசேரவே இல்லை. தவறு எங்கே?

பதில்: ‘தென்ஸ்’ என்றால் ‘அங்கிருந்து’. அந்த ‘அங்கு’, முந்தைய கோடு முடிந்த முனை. நம்மூர்க் கிரையப் பத்திரம் நான்கெல்லை சொல்லிவிடும். வடக்கே இன்னாருடைய நிலம், கிழக்கே வண்டிப்பாதை என்று. ஜார்ஜியா, வட கரோலினா, டெக்சாஸ் பத்திரங்கள் பலவற்றில் எல்லையை நடந்தே காட்டுவார்கள்.

ஒரு மாதிரி: இரும்புக் கம்பியிலிருந்து ‘வடக்கு 30 டிகிரி கிழக்கு’ 200 அடி, தென்ஸ் ‘தெற்கு 60 டிகிரி கிழக்கு’ 100 அடி, தென்ஸ் ‘தெற்கு 30 டிகிரி மேற்கு’ 200 அடி, தென்ஸ் ‘வடக்கு 60 டிகிரி மேற்கு’ 100 அடி, தொடங்கிய இடம் வரை. ‘வடக்கு 30 டிகிரி கிழக்கு’ என்றால் வடக்கு பார்த்து நின்று, கிழக்குப் பக்கம் 30 டிகிரி திரும்பி நடக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் மறுபடி வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்றுதான் திரும்ப வேண்டும். வந்த திசையிலிருந்து கோணம் எடுக்கக் கூடாது. இப்படி வரைந்தால் 20,000 சதுர அடிச் செவ்வகம் சரியாக மூடும். எல்லாக் கோட்டையும் முதல் கம்பியிலிருந்தே இழுத்தால் மூடவே மூடாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம், பலர் தடுக்கி விழும் இடம் இது. சில பத்திரங்களில் ‘கமென்ஸ்மென்ட்’ புள்ளி, ‘பிகினிங்’ புள்ளி என்று இரண்டு வரும். முதலாவது, சாலைச் சந்திப்பு போல எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய அடையாளம். அங்கிருந்து நிலத்தின் மூலைக்கு வந்து சேரும் வரை உள்ள ‘தென்ஸ்’கள் வழிகாட்டும் கோடுகளே, உங்கள் எல்லையில் சேராது. ‘பிகினிங்’ வந்த பிறகுதான் உங்கள் நிலம் தொடங்குகிறது. அதற்கு முந்திய கோடுகளை வேறு நிறத்தில் வரையுங்கள்.

இந்தச் சொல்லுக்கு வயது ஆயிரம் ஆண்டுக்கு மேல். பழைய ஆங்கிலத்தில் ‘தனோன்’ என்றிருந்தது. இடைக்காலத்தில் ஸகர விகுதி ஒட்டி ‘தென்னஸ்’ ஆனது. ‘ஒன்ஸ்’, ‘ட்வைஸ்’ சொற்களின் கடைசியில் நிற்பதும் அதே விகுதிதான். அன்றைய ஆங்கிலத்தில் இருக்கும் இடம், போகும் இடம், புறப்படும் இடம் மூன்றுக்கும் தனித்தனிச் சொல்: ‘தேர்’, ‘திதர்’, ‘தென்ஸ்’. ‘ஹியர்’, ‘ஹிதர்’, ‘ஹென்ஸ்’ என்பதும் அப்படியே. பேச்சு ‘தேர்’, ‘ஹியர்’ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டது. ‘ஹென்ஸ்’ இன்று பெரும்பாலும் ‘ஆகவே’ என்ற பொருளில்தான் உலவுகிறது. ‘தென்ஸ்’ஸுக்கும் காலம், காரணம் என்று கிளைப்பொருள்கள் உண்டு, ‘தென்ஸ்ஃபோர்த்’ என்றால் ‘அதுமுதல்’. நில விவரத்தில் அவை எதுவும் பொருந்தாது. ‘ஃப்ரம் தென்ஸ்’ என்று இருந்தாலும் குழம்பாதீர்கள். ‘ஃப்ரம்’ மிகைதான், ஆனால் 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளே ஏதேன் நதி நான்காகப் பிரிவதை அப்படித்தான் சொல்கிறது.

நில அளவையில் இந்தச் சொல் நிலைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். ‘முந்தைய கோடு முடிந்த புள்ளியிலிருந்து’ என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதை ஒரே அசையில் முடித்துவிடுகிறது.

பழைய பத்திரமானால் அடிக்குப் பதில் செயின், போல் என்று அளவு வரும். ஒரு செயின் 66 அடி, ஒரு போல் 16.5 அடி. அந்தக் காலத் திசைகள் பெரும்பாலும் காந்த ஊசி காட்டியவை. காந்த வடக்கு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய அளவோடு சில டிகிரி வேறுபடலாம். ‘தென்ஸ் ஓடை வரை 300 அடி’ என்று எழுதியிருந்து, ஓடை 320 அடியில் இருந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக ஓடையைத்தான் எல்லையாக ஏற்கும். எண்ணைவிட இயற்கை அடையாளத்துக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் படம் மூடவில்லையென்றால் பத்திரத்திலேயே ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம், அல்லது கிழக்கு மேற்காகியிருக்கலாம். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, விற்பவரிடம் திருத்தப் பத்திரம் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.