பதவி உயர்வுக்குப் பின் விலகிய நண்பர்கள்

வணக்கம். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் மேற்பார்வையாளரான பிறகு, பத்தாண்டுகள் உடன் தேநீர் குடித்தவர்கள் உங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பொறாமை என்று நீங்கள் முடிவு செய்ததை என்னால் ஏற்க இயலவில்லை. இரவுப் பணிப் பட்டியலும் ஓவர்டைமும் இப்போது உங்கள் கையில் இருப்பதால், எந்தச் சொல் எங்கே போய்ச் சேருமோ என்று அவர்கள் தயங்குகிறார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று வடசென்னை ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அவர்களுடைய குறைகளுள் ஒன்று உணவு இடைவேளை போதவில்லை என்பதே (வெளியாருக்கு அது அற்பமாகத் தோன்றியிருக்கலாம்). வேலை நேரமும் ஓய்வும் தொழிலாளருக்கு அவ்வளவு முக்கியம்; உங்கள் நண்பர்களுக்கும் அப்படித்தான். ஆகவே, விருந்து வைத்துச் சமாதானம் செய்ய முயலாமல், அடுத்த மாதப் பட்டியலை ஒட்டுவதற்கு முன்பே அவர்களிடம் காட்டி, யாருக்கு எந்த இரவு இயலாது என்று கேளுங்கள். தேநீர்க் கடைக்கு ஓரிரு வாரம் போகாவிட்டாலும் தவறில்லை.