வாட்ஸ்அப்பில் வந்த வாரன்ட்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் ஒரு தனியார் வங்கியில் 1,80,000 ரூபாய் பெர்சனல் லோன் வாங்கினார். வேலை குறைந்து மூன்று தவணை நின்றுவிட்டது. காலை ஆறரைக்கே போன் வருகிறது. என் அம்மாவைக் கூப்பிட்டும் திட்டுகிறார்கள். போன வாரம் இரண்டு பேர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்கள். 'அரெஸ்ட் வாரன்ட்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 15,000 கொடுத்தால் செட்டில்மென்ட் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

முதலில் வாரன்ட். அதைப் பிறப்பிப்பது கோர்ட். கொண்டு வருவது போலீஸ். கலெக்ஷன் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்புவது வெறும் படம். என்னிடம் ஒருவர் காட்டிய 'வாரன்ட்'டில் மாஜிஸ்திரேட் என்ற சொல்லிலேயே எழுத்துப் பிழை. அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு உதவும்.

கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமில்லை, சிவில் விவகாரம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லோன் வாங்கும்போது கணவர் கையெழுத்திட்ட செக் ஏதாவது கொடுத்தாரா? அதை வங்கி போட்டுப் பணமில்லாமல் திரும்பினால் செக் திரும்புவதற்கான சட்டமான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு வரலாம். இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. அக்கவுன்ட்டிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆட்டோ டெபிட் திரும்பினாலும் இதே கதைதான். வழக்குக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் வரும். கைக்குக் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். தபால்காரர் கொண்டு வருவதை 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பினாலும் கிடைத்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். "தேதி போடாமல் ஒரு செக் மட்டும் கொடுங்க, இனி வரமாட்டோம்" என்று ஏஜென்ட் குழைந்தால் கொடுக்கவே கூடாது.

நீங்களோ அம்மாவோ அந்த லோனில் இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்கள் இருவருக்கும் பொறுப்பு கிடையாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் பாக்கிக்காகக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது, ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடியும் எழுத்தில் சொன்னது இது. வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பைக்கைத் திருப்பிவிடுவார்கள்.

இப்போது அந்தத் தெரிந்தவர். இவரைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிறேன். முன்பணம் வாங்குவார், "போனை எடுக்காதீங்க, தவணையும் கட்டாதீங்க" என்பார், வட்டி ஏறிக்கொண்டே போகும். ஆறு மாதம் கழித்து வங்கி தானே பலருக்கும் தரும் தள்ளுபடியைத் தன் சாதனையாகக் காட்டுவார், அதுவும் போனை எடுத்தால். வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கப் பைசா செலவில்லை. வக்கீல் வழியாகக் கொடுத்தால் ஏற்கவே மாட்டார்கள். வக்கீலான நானே சொல்கிறேன், இதற்கு யாரும் வேண்டாம். ஏஜென்ட்டின் சொந்த ஜிபே நம்பருக்கும் பணம் போடாதீர்கள். லோன் கணக்கில் கட்டி, ரசீது வாங்குங்கள்.

வங்கியின் குறைதீர் அதிகாரிக்குக் கணவர் பெயரில் இமெயில் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டிலும் ஒன்று. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நம்பர், என்ன வார்த்தை என்று எழுதுங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் அதிலேயே சேருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். வழி தெரியாவிட்டால் 14448-க்குக் கூப்பிடுங்கள்.

மிரட்டலுக்குப் போலீஸ். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்பார்கள். முப்பது வருடமாக இதே வசனம்! கடன் சிவில்தான், வீட்டு வாசலில் வந்து மிரட்டுவது கிரிமினல். மனுவைக் கொடுத்துவிட்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கியதற்கான ஸ்டேஷன் ரசீது, கையில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். தரவில்லையென்றால் அதே மனுவை கமிஷனர் அலுவலகத்தில் கொடுங்கள். கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். போகும்போது லோன் பேப்பரையும் அந்த வாட்ஸ்அப் படத்தின் பிரின்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.