சிஜி நிழல் ஏன் தரையோடு ஒட்டமாட்டேன் என்கிறது?

எடுத்த காட்சியில் சிஜி (கணினியில் உருவாக்கிய) உருவத்தைச் சேர்த்து, அதன் நிழலுக்கு வைத்த கறுப்பு சாலிடின் (ஒரே நிற லேயரின்) ஒப்பாசிட்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தும் நிழல் ஒட்டவில்லை என்கிறீர்கள். அந்த வழியில் ஒட்டவே ஒட்டாது. சூரியன் மறைபட்ட இடத்துக்கும் வானம் வெளிச்சம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் பகல் வெளிப்புற ஷாட்டில் நிழலுக்குள் நீலம் தூக்கும்.

ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். ப்ளேட்டில், அதாவது கேமராவில் எடுத்த அசல் காட்சியில், எங்காவது ஒரு நிஜ நிழல் இருக்கும், கம்பத்துடையதோ நடிகருடையதோ. அதே தரையில் வெயில் பட்ட இடத்தையும் நிழலின் நடுவையும் லீனியரில் (எண்கள் வெளிச்சத்துக்கு நேர்விகிதமாக இருக்கும் நிலையில்) சாம்பிள் எடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் முறையே வெயிலில் 0.40, 0.36, 0.30, நிழலில் 0.08, 0.09, 0.09 என்று வைத்துக்கொள்வோம். நிழலை வெயிலால் வகுத்தால் 0.20, 0.25, 0.30. கம்பாசிட்டிங் மென்பொருளான நியூக்கில் கிரேடு நோடின் மல்டிப்ளையில் இந்த மூன்றையும் போட்டு, ஷேடோ பாஸை (நிழலை மட்டும் தனியாக ரெண்டர் செய்த படத்தை) மாஸ்க்காகக் கொடுங்கள். லாக் ஃபுட்டேஜை (வெளிச்ச அளவைச் சுருக்கிப் பதிவு செய்த காட்சியை) லீனியராக்காமல் செய்தால் கணக்கே தப்பு.

அடுத்தது விளிம்பு. முழு நிழலுக்கும் ஒரே அளவு பிளர் போட்டால் பார்த்ததுமே தெரிந்துவிடும். வானில் சூரியனின் அகலம் சுமார் 0.53 டிகிரி. மறைக்கும் பொருளிலிருந்து தரைவரை கதிர் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் விளிம்பு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மங்கும். பாதத்தருகே கத்தி மாதிரி இருக்கும் நிழல், தலைப்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கரையும். ரெண்டரில் சூரிய விளக்குக்கு அந்தக் கோணத்தைக் கொடுத்தால் தானாக வரும்.

காலடிக்கு ஆம்பியன்ட் ஆக்லூஷனை (இடுக்குகளில் சுற்றுவெளிச்சம் அடைபடும் அளவை) தனி பாஸாக எடுங்கள். அங்கே வான வெளிச்சமும் அடைபடுவதால் சூரிய நிழலுக்குள்ளேயே இன்னும் இருட்டும். மிதப்பது போலத் தெரிகிற ஷாட்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

ப்ளேட்டில் ஏற்கெனவே நிழல் உள்ள இடத்தை ரோட்டோ போட்டு (ஓரம் வரைந்து பிரித்து) மாஸ்க்கிலிருந்து கழித்துவிடுங்கள். ஒரே சூரியனை இரண்டு முறை மறைக்க முடியாது. மல்டிப்ளை கிரெயினையும் (படத்தில் உள்ள பொடிப்பொடி இரைச்சலையும்) நசுக்கும், அதனால் டீநாய்ஸ் செய்த ப்ளேட்டில் வேலையை முடித்துக் கடைசியில் கிரெயின் ஏற்றுங்கள்.

"கண்ணுக்கு நன்றாக இருந்தால் போதாதா, எதற்கு இத்தனை கணக்கு?" என்று கமென்டில் வருவார்கள். போதும்தான். ஆனால் தொடக்க எண்ணே ஊகமாக இருந்தால், ஒரே சீனில் ஷாட்டுக்கு ஷாட் நிழல் நிறம் மாறும்.

ப்ளேட்டில் நிஜ நிழலே இல்லாவிட்டால்? செட்டின் வெளிச்சத்தைப் பதிவு செய்ய உதவும் குரோம் பந்தையும் சாம்பல் பந்தையும் ஒரு நிமிடம் கேமரா முன் பிடிக்கச் சொன்னால், "லைட் போகுது சார்" என்று செட்டில் விரட்டுகிறார்கள். பிறகு அதே ஷாட்டுக்கு வாரக்கணக்கில் "நிழல் செட் ஆகலையே" என்று கரெக்‌ஷன் வரும். சாம்பல் பந்தின் வெயில் பக்கமும் நிழல் பக்கமும் பதிவாகியிருந்தால், தோராயமான ஒரு விகிதமாவது அன்றைக்கே கையில் இருந்திருக்கும்.