சிராஷி என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள்

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறோம். போன வருடம் மார்ச் 3, பெண் குழந்தைகளுக்கான ஹினமாட்சுரி பண்டிகையன்று ஒசாகா நண்பர் வீட்டில் சிராஷிசுஷி சாப்பிட்டோம். சமைக்காத மீன் ஒரு துண்டு கூட அதில் இல்லை. சோற்றில் காய்கறி கலந்து, மேலே முட்டையைச் சன்னமாக நறுக்கித் தூவியிருந்தார்கள். இந்த வருடம் அதே பெயரைச் சொல்லி, நம் ஊர்க்காரர்களுக்கு ஆர்டர் எடுத்துக் கொடுக்கும் ஒருவரிடம் பணம் கட்டினேன். வந்த பெட்டி முழுக்கப் பச்சை மீன். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம். இருவரும் அதைத் தொடவே இல்லை. கடை ஏமாற்றிவிட்டதா? மாதக் கடைசியில் வாடகைக் கார் எடுத்து ஒகாயாமா, ககோஷிமா போகிறோம். அந்த ஊர்ச் சிராஷியை மனைவி சாப்பிடலாமா?

பதில்: கடை உங்களை ஏமாற்றவில்லை. டோக்கியோவில் ஒரு சுஷிக் கடையில் போய் சிராஷி என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள். வினிகர் கலந்த சோறு கீழே, அதன் மேல் டூனா, கணவாய், சால்மன் முட்டை என்று சமைக்காத மீன் வரிசையாக இருக்கும். கையால் பிடித்துக் கொடுக்கும் சுஷியில் என்ன மீன் வைப்பார்களோ அதே மீன்தான் இங்கே கிண்ணத்தில் வருகிறது. ஒசாகா, கியோட்டோ பக்கத்து வீடுகளில் செய்வது வேறு உணவு. ஷீட்டாக்கே காளான், கேரட், தாமரைக்கிழங்கு, சுரைக்காயைச் சீவி உலர்த்திய கான்பியோ எல்லாவற்றையும் சோயா சாஸ், சர்க்கரையில் வேகவைத்துச் சோற்றிலேயே கலந்துவிடுவார்கள். மேலே முட்டை இழைகள், சில சமயம் வேகவைத்த இறாலோ கடல் விலாங்கோ இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குகிறது, குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், யார் விற்கிறார்கள் என்றும் பாருங்கள். டோக்கியோ வீடுகளிலும் ஹினமாட்சுரிக்கு வேகவைத்த காய்கறி கலந்த சிராஷி செய்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் பலகாரப் பிரிவிலும் அது கிடைக்கும். சுஷிக் கடை, மீன் சந்தை, கடல் உணவுக் கடை என்றால் பச்சை மீன்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய பெயர் "கொமொகு சிராஷி". "காய்சென் சிராஷி", "நமா சிராஷி" என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு இல்லை. இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒகாயாமாவிலும் கியோட்டோ பக்கத்திலும் "பாராசுஷி" என்பது காய்கறி கலந்த சோறு. டோக்கியோவில் "பாரா சிராஷி" என்பது பச்சை மீனைச் சிறு சதுரங்களாக வெட்டிக் கொட்டியது. ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்டுவிடுகிறார்கள்.

எந்தக் கடையிலும் இந்த ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள்: "நமாமோனோ வா ஹாய்த்தே இமாஸ் கா?" வேகவைக்காத பொருள் ஏதாவது இதில் இருக்கிறதா என்று அர்த்தம். கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இனி உங்களுக்கு ஆர்டர் எடுத்துக் கொடுத்தவரைப் பற்றி. எனக்குக் கோபம் அவர் மேல்தான். பண்டிகை சமயத்தில் இப்படிப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஏதோ ஒரு கடையில் பெட்டிகளை மொத்தமாக எடுத்து, மேலே காசு வைத்து, "குடும்பத்துக்கு ஏற்றது" என்று குழுவில் படம் போட்டு விற்கிறார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள முயல்வதும் இல்லை. கர்ப்பிணி இருக்கிறார், சைவம் சாப்பிடுபவர் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னாலும் அந்தச் செய்தி கடைக்குப் போய்ச் சேராது. எந்தக் கடையின் பெட்டி, அதன் பின்பக்க லேபிளின் படம் எங்கே என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். சுஷிக் கடைகளும் பெரிய பல்பொருள் அங்காடிகளின் அடித்தளத்து உணவுப் பிரிவுகளும் ஹினமாட்சுரிக்கு முன்பதிவை நேரடியாகவே எடுக்கின்றன. நடுவில் ஆள் தேவையே இல்லை. "உள்ளூர்ப் பாரம்பரியச் சமையல் வகுப்பு" என்று சுற்றுலாப் பயணிகளிடம் விற்கும் தரகர்கள் விஷயத்திலும் கவனம். காய்கறியைக் கடைப் பாக்கெட்டிலிருந்து பிரித்துச் சோற்றில் கலக்கச் சொல்லிவிட்டு வகுப்புக் கட்டணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாக்கெட் ஜப்பானியர் வீட்டிலும் இருப்பதுதான்; நாகதானியென் நிறுவனத்தின் சுஷிதாரோ 1977 முதல் விற்பனையில் இருக்கிறது. பாக்கெட்டைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதைப் பாரம்பரியம் என்று சொல்லிப் பணம் பறிப்பதுதான் தவறு.

மனைவி விஷயத்துக்கு வருவோம். அவர் சமைக்காத மீனைத் தொடாமல் விட்டது நல்ல முடிவு. இரண்டு கவலைகள் உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று கிருமியும் புழுவும். கானாங்கெளுத்தி, கணவாய், சூரை போன்ற மீன்களில் அனிசாகிஸ் என்ற சிறு புழு இருக்கலாம். 60 டிகிரியில் 1 நிமிடம் சூடாக்கினால் அது சாகும், அல்லது மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறைய வைக்க வேண்டும். வினிகரிலோ வசாபியிலோ அது சாகாது. ஜப்பான் சுகாதார அமைச்சகம் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. லிஸ்டீரியா என்ற கிருமிக்காக, புகையூட்டிய சால்மனையும் தவிர்க்கும்படி கர்ப்பிணிகளுக்கு அதே அமைச்சகம் சொல்கிறது. இன்னொரு கவலை பாதரசம், இது வேகவைத்தாலும் போகாது. புளூஃபின், பிக்-ஐ வகை டூனா என்றால் வாரத்துக்கு ஒரு முறை, சுமார் 80 கிராம், அதோடு சரி. டின்னில் வரும் டூனாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மருத்துவர் இதைவிடக் கடுமையாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

வேகவைத்த காய்கறிச் சிராஷி பெட்டியின் மேலும் அழகுக்காகச் சிறிது சால்மன் முட்டை வைத்திருப்பார்கள். அது சமைக்காதது. அதை ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று நினைக்காமல், அது இல்லாத பெட்டியாக வாங்குங்கள்.

ஒகாயாமா பாராசுஷி மிகப் புகழ்பெற்றது. விவசாய அமைச்சகம் 2007இல் வெளியிட்ட நாட்டுப்புற உணவுகள் நூறின் பட்டியலிலும் அது இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டை ஆண்ட இகெடா மிட்சுமாசா, சாப்பாட்டுக்கு ஒரு சூப்பும் ஒரு துணைப் பதார்த்தமும் போதும் என்று சிக்கன ஆணை போட்டாராம். மக்கள் மீனையும் காயையும் சோற்றோடு கலந்து ஒரே உணவாகக் கணக்குக் காட்டினார்களாம். அந்த ஊரில் இன்றும் சொல்லும் கதை இது. தாமரைக்கிழங்கு, காளான், இறால், கடல் விலாங்கு எல்லாம் வெந்தவைதான், பயமில்லை. ஆனால் அதன் பெருமையே சவாரா என்ற வஞ்சிர இன மீனும், மாமகாரி என்ற சின்ன மீனும்தான். இவை வேகவைத்தவை அல்ல, உப்பில் வைத்து வினிகரில் ஊறவைத்தவை. சதை வெளுத்து, வெந்தது போலவே தெரியும். பரிமாறுபவர் கூட "பச்சை இல்லை" என்று நல்ல மனதோடு சொல்லிவிடலாம். உங்கள் மனைவிக்கு அது பச்சைதான். ஒகாயாமா ரயில் நிலையத்தில் பீச் பழ வடிவப் பெட்டியில் விற்கும் மாட்சுரிசுஷியிலும் இந்த மீன்கள் உண்டு. அதை நீங்கள் சாப்பிடுங்கள், அவருக்கு வேண்டாம். வழியில் கியோட்டோவின் வடக்குக் கடற்கரைப் பகுதியான தாங்கோவுக்குப் போக முடிந்தால் அங்குள்ள பாராசுஷியை அவருக்கு வாங்கிக் கொடுங்கள். டின்னில் அடைத்த கானாங்கெளுத்தியை உதிர்த்து, இனிப்பும் சோயாவும் சேர்த்து வதக்கிச் சோற்றுக்கு இடையில் அடுக்குவார்கள். டின் மீன் ஏற்கெனவே நன்றாக வெந்தது. இந்தப் பயணத்தில் அவருக்கு நான் தயங்காமல் சொல்லக்கூடியது இதுதான்.

ககோஷிமாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அங்கே சாகேசுஷி என்று ஒன்று உண்டு, சகுரா பூக்கும் காலத்து உணவு. நீங்கள் போகும் நேரம் அதேதான். அதில் வினிகர் கிடையாது. வினிகருக்குப் பதில் உள்ளூர் மதுவைச் சோற்றில் தாராளமாக ஊற்றுகிறார்கள். சாம்பல் சேர்த்துக் கெடாமல் காக்கும், இனிப்பான, செம்பழுப்பு நிற மது அது. மூங்கில் குருத்து, சட்சுமா-ஆகே என்ற பொரித்த மீன் அடை, இறால், முட்டை இவற்றை மது ஊறிய சோற்றோடு அரக்குப் பூசிய மரத்தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து மணிக்கணக்கில் விடுவார்கள். மதுவை ஊற்றிய பிறகு அடுப்பில் ஏற்றுவதே இல்லை. ஜப்பானியச் சமையலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் சாகே என்ற அரிசி மது உண்டே, இதில் என்ன என்று சிலர் கேட்பார்கள். காய்கறியை வேகவைக்கும்போது ஊற்றும் மதுவில் பெரும்பகுதி கொதியில் ஆவியாகிவிடும். இங்கே மது மதுவாகவே சோற்றில் நிற்கிறது. ஆகவே மனைவிக்கு ஒரு கவளம் கூட வேண்டாம், குழந்தைகளுக்கும் வேண்டாம். காரை ஓட்டப் போகும் நீங்களும் தொடாதீர்கள். மூச்சுக் காற்றில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே ஜப்பானில் தண்டனை. சோறுதானே சாப்பிட்டேன் என்று போலீஸ்காரரிடம் சொல்ல முடியாது. ஓட்டுபவர் மது உட்கொண்டது தெரிந்தே வண்டியில் ஏற்றிப் போகச் சொல்லி உட்கார்ந்து வருபவர் மீதும் வழக்குப் போட இடமுண்டு. சாப்பிட ஆசையாக இருந்தால் காரை விடுதியில் விட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொல்லி, மறுநாள் வரை சாவியைத் தொடாமல் இருங்கள். "உள்ளூர் சுஷி, எல்லாம் வெந்தது" என்று மட்டும் சொல்லி முன்பதிவு செய்து கொடுக்கும் ஆட்களை நம்பாதீர்கள். இந்த உணவில் வெந்ததா என்பது கேள்வியே இல்லை.

அடுத்து அம்மா. கொமொகு சிராஷி பார்க்கச் சைவம் போல இருக்கும், கடையில் வாங்கினால் பெரும்பாலும் சைவம் இல்லை. மேலே தூவும் இளஞ்சிவப்புப் பொடியைச் சர்க்கரையோ தேங்காயோ என்று நினைத்துவிடாதீர்கள். சகுரா தென்பு என்ற அது, காட் போன்ற வெள்ளை மீனை வேகவைத்து உதிர்த்து, இனிப்பும் நிறமும் சேர்த்தது. பூ வடிவில் வெட்டிய வெள்ளை-சிவப்பு வில்லை மீன் மாவு. காளானும் கேரட்டும் வெந்த சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி, அதாவது நம் மாசிக்கருவாட்டின் உறவான உலர்சூரையில் எடுத்தது.

இதை லேபிளில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஒவ்வாமைக்காகக் கட்டாயமாக அச்சிட வேண்டிய பொருட்களில் இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை எல்லாம் இருக்கின்றன. உலர்சூரைக்கு அதில் இடமில்லை. ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு "மீன் இல்லை" என்று வாங்கி வரும் சைவம் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்! அந்தக் கடையிலேயே செய்து அங்கேயே விற்கும் பெட்டி என்றால் முழுப் பொருள் பட்டியல் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. உணவகங்களுக்கோ ஒவ்வாமைக் கட்டம் கூடக் கட்டாயமில்லை. இவ்வளவு வெளிநாட்டவரை வேலைக்கும் சுற்றுலாவுக்கும் அழைக்கும் நாடு, மீன் சாறு சேர்த்தது, சேர்க்காதது என்று ஒரு வரி அச்சிட வைக்க முடியாதா?

அதனால் அம்மாவுக்கு வீட்டிலேயே செய்யுங்கள், கடினமில்லை. மனைவியும் கவலையில்லாமல் சாப்பிடலாம். நான்கு உலர் ஷீட்டாக்கேயை முதல் நாள் இரவே குளிர்ந்த நீரில் போடுங்கள். ஜப்பான் அரிசிக் கோப்பையில் (180 மி.லி.) இரண்டு கோப்பை குண்டு அரிசியை, ஒரு துண்டு கொம்பு கடற்பாசியோடு கொஞ்சம் விறைப்பாக வேகவையுங்கள். 4 மேசைக்கரண்டி அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு கரைத்து, சோறு சூடாக இருக்கும்போதே ஊற்றி, குழையாமல் கரண்டியால் வெட்டுவது போலக் கிளறுங்கள். "சுஷி வினிகர்" என்று கலந்தே வரும் பாட்டில் வேண்டாம், சிலவற்றில் மீன் சாறு இருக்கும். "கொமேஸு" என்ற வெறும் அரிசி வினிகரை வாங்குங்கள். சோயா சாஸிலும் அப்படியே, "தாஷி" சேர்ந்தது வேண்டாம். காளான் ஊறிய நீரையே சாறாக வைத்து, ஒன்றரை மேசைக்கரண்டி சோயா, அதே அளவு சர்க்கரையில் காளான், கேரட், ஊறவைத்துப் பிழிந்த கான்பியோ மூன்றையும் நீர் வற்றும் வரை வேகவிடுங்கள். தாமரைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக வெட்டி, கொஞ்சம் வினிகர் விட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கறுக்காது. முட்டையைக் காகிதம் போல மெலிதாக ஊற்றி, முழுதாக வேகவிட்டு, சுருட்டி இழையாக நறுக்குங்கள். எல்லாம் ஆறியதும் கலந்து மேலே தூவிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துப்போகும். மதியம் செய்ததை ராத்திரிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.