ஏழு வருடம் ஓடிய பேட்டரி புல்வெட்டி: ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா?

ஏழு வருடம் ஓடிய உங்கள் பேட்டரி புல்வெட்டி, முன்பு ஒரே சார்ஜில் மொத்தப் புல்லையும் வெட்டியது, இப்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது என்கிறீர்கள். புதிது வாங்க அவசரப்படாதீர்கள். பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் பிளேடைப் பாருங்கள்.

என்னுடைய மெஷினும் ஏறக்குறைய இதே வயதில் இப்படித்தான் நின்றது. பேட்டரி போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். பேட்டரியையும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிவிட்டு (இவற்றைக் கழற்றாமல் அடியில் கை வைக்கவே கூடாது) சாய்த்துப் பார்த்தால், உள்பக்கம் முழுக்கப் பழைய புல் அப்பி வறட்டி மாதிரி காய்ந்து கிடந்தது. பிளேடில் கூர்மையே இல்லை. புல்தரையில் குனிந்து பார்த்தேன். நுனிகள் அறுபடாமல் நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தன. மழுங்கிய பிளேடு புல்லை அறுக்காது, அடித்துக் கிழிக்கும். அதற்கு மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். அப்பியதைச் சுரண்டி எடுத்து, பிளேடை அரத்தால் தீட்டி, நடு ஓட்டையை ஒரு ஆணியில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினேன். ஒரு பக்கம் கனத்தால் மெஷின் அதிரும், பேரிங் கெடும். அன்று பத்து நிமிடம் கூடுதலாக ஓடியது.

முழுக் குறையும் அதில் தீரவில்லை, மீதி பேட்டரியில்தான் இருந்தது. 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் பத்து, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். சில பெட்டிகளில் இதையே 40 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் வரை ஏறும், ஆக மொத்தம் 42-க்குப் பக்கத்தில் வர வேண்டும். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) 39-ஐத் தாண்டவில்லை என்றால், ஏதோ ஒரு செல் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று தளர்ந்தாலே போதும், மற்றவற்றில் சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி தன்னை நிறுத்திக்கொள்ளும். வோல்ட் சரியாகக் காட்டுவதால் மட்டும் பேட்டரி நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது, அது தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு (கொள்ளளவு) குறைந்திருக்கலாம். தெரிந்தவரிடம் அதே மாடல் பேட்டரி இருந்தால் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதில் முழுதாக ஓடினால் உங்கள் மெஷினில் குறை இல்லை.

பேட்டரியைப் பிரித்து செல் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த வேலையில் நல்ல அனுபவம் உள்ளவர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொடுங்கள். தப்பாக இணைத்த லித்தியம் செல் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியை சார்ஜே போடாதீர்கள்.

இனி முடிவு. உங்கள் பேட்டரி மாடல் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்து, அதன் விலை புது மெஷின் விலையில் பாதிக்குள் வந்தால், மெஷின் உடம்பும் திடமாக இருந்தால், பேட்டரி மட்டும் வாங்குங்கள். அதே பேட்டரியில் ஓடும் வேறு கருவிகள் வீட்டில் இருந்தால் பாதிக்கு மேல் போனாலும் வாங்குவேன். கைப்பிடி ஸ்விட்ச், சில மோட்டார்களுக்குள் தேயும் கார்பன் பிரஷ், சக்கரம் எல்லாம் சின்னச் செலவு, அவற்றுக்காக மெஷினைக் கைவிட வேண்டாம். பிளேடைச் சுற்றியுள்ள கூடு விரிசல் விட்டிருந்தாலோ, பிரஷ் இல்லாத மோட்டாரின் கட்டுப்பாட்டு போர்டு எரிந்திருந்தாலோ, இந்த வயது மெஷினுக்குச் செலவழிக்காதீர்கள்.

நான் பேட்டரி மட்டும்தான் மாற்றினேன், மூன்று வருடமாக நன்றாக ஓடுகிறது. பழையது கெட்டதற்குக் காரணம், வெட்டாத மாதங்களில் முழு சார்ஜோடு வெக்கையான கொட்டகையில் விட்டதுதான் என்று நினைக்கிறேன். இப்போது பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரியில் வைக்கிறேன். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.